கலைச்சொல் இழை: மணலில் புதைந்த கெப்பை எதில் கொழுவி இழுப்பது?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும், கொஞ்சம் அவசரமாக. வருகிற மாதம் ஐந்து கெப் வாகனங்களில் குடும்பங்களோடு குச்சவெளிக்கு வடக்கே கடற்கரையில் இரண்டு இரவு கூடாரம் போடப் போகிறோம். ஐந்தும் கைவைக்காத வண்டிகள். கம்பனி விட்டபடியே ஓடுகின்றன. உயர்த்தவும் இல்லை, வின்ச் பூட்டவும் இல்லை. புறப்படுமுன் என்னென்ன பார்க்கவேண்டும் என்று இரண்டு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஜக், ஜக்குக்குக் கீழே வைக்கப் பலகை, மண்வெட்டி, தண்ணீர், காற்றடிக்கும் சின்ன மெஷின், முதலுதவிப் பெட்டி எல்லாம் எழுதியாயிற்று. ஓரிடத்தில் பேனை நின்றுவிட்டது.

புதைந்த வண்டியை இன்னொரு வண்டியால் இழுத்தெடுக்கும்போது பட்டியைக் கொழுவுகிற இடம் இருக்கிறதே, அதற்கு என்ன பெயர்?

எங்கள் கராஜ்களில் கேட்டால் "ஹூக்" என்பார்கள். ஹூக் நல்ல சொல்தான். டயர், பம்பர், ஜக் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்கிற நான் ஹூக்கோடு மட்டும் சண்டை பிடிக்கமாட்டேன். சிக்கல் வேறு. வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தால் அந்தப் பெயரில் மூன்று சாமான்கள் இருக்கும். ஒன்று, வண்டி கப்பலில் வந்தபோது தளத்தோடு சேர்த்துக் கட்டிய மெல்லிய வளையம். ஆடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. இரண்டாவது, எஞ்சின் நின்றுபோன வண்டியைத் தார் ரோட்டில் மெதுவாக இழுத்துப்போவதற்கானது. சில வண்டிகளில் இது ஜக்கோடு ஒரு பையில் கிடக்கும். பம்பரில் உள்ள மூடியைக் கழற்றித் திருகவேண்டும். மூன்றாவது, செசி என்கிற அடிச்சட்டத்தோடு தடித்த போல்ட் போட்டு இறுக்கியது. மணலிலிருந்து வண்டியை வெட்டி இழுக்கும் உதறலைத் தாங்குவது இது ஒன்றுதான். கைவைக்காத பல வண்டிகளில் இந்த மூன்றாவது இருக்காது. அதுதான் கூத்து.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த அறிவு இல்லை. போன வருடம் ஆனியில் திரியாய்ப் பக்கக் கரையில் என் கெப் தாண்டுபோனது. முன்சில்லு இரண்டும் அச்சுவரை உள்ளே. டயரில் 32 பி.எஸ்.ஐ காற்று, தார் ரோட்டுக்கு அடித்தபடியே. 18க்கு இறக்கியிருந்தால் டயர் நீளவாக்கில் சப்பளிந்து மணலுக்கு மேலே நின்றிருக்கும். இந்த மடலும் வந்திருக்காது. நண்பரின் கெப்பை முன்னால் நிறுத்திவிட்டுக் கராஜுக்குப் போன் போட்டேன். "முன்னுக்கு பம்பருக்குக் கீழ ஹூக் இருக்கு, அதில கொழுவி இழுங்கோ" என்றார்கள். குனிந்து பார்த்தேன், ஹூக் இருந்தது. சொன்னவர் பிழை சொல்லவில்லை. அவர் மனதில் இருந்த ஹூக் வேறு, என் கண்ணில் பட்ட ஹூக் வேறு.

இரண்டாவது இழுவையில் டங் என்று ஒரு சத்தம். பட்டியை ஹூக்கோடு பூட்டியிருந்த இரும்புச் சக்கிள் எங்கே போனது என்றே தெரியவில்லை. தேடிப் பார்த்தால் நண்பரின் பின்கதவில் கைமுட்டி அளவுக்கு ஒரு குழி, அதற்கு நேர் கீழே மணலில் சக்கிள். பிள்ளைகள் விறகு பொறுக்கப் போயிருந்தார்கள். நான் கொழுவியது கப்பலில் கட்டிய வளையத்தில். அது, தோடு கழற்றும்போது விரிகிற மாதிரி விரிந்து நின்றது. வளைந்த இடத்தில் பெயின்ற் செதில் செதிலாக உரிந்து உள்ளே இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு அதை அறுத்தெடுத்து என் மேசையில் வைத்திருக்கிறேன், தாள் பறக்காமல் இருக்க.

கடைசியில் கரைவலைச் சம்மாட்டி ஒருவர் உழவு மெஷினோடு வந்தார். சாக்கு வைத்து, செசியின் இரண்டு பக்கமும் கயிற்றைச் சுற்றிக் கட்டி, உதறாமல் ஊர ஊர இழுத்தெடுத்தார். சக்கிளைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கயிறு அறுந்தா கயிறுதான் வரும். இரும்பு கழண்டா இரும்பு வரும்."

ஆகவே எனக்கு வேண்டியது மூன்று சாமானுக்கு மூன்று பெயர். முக்கியமாக மூன்றாவதற்கு. போனில் சொன்னால் மறுபக்கத்தில் குனிந்து பார்ப்பவருக்குப் பிழைக்கக்கூடாது.

மடல் 2

பதில்களுக்கு நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> மீட்புப் புள்ளி என்றே வைத்துவிடலாம். ஆங்கிலத்து "ரெக்கவரி பாயிண்ட்" என்பதற்கு நேரடியாகப் பொருந்துகிறது. (சென்னை)

சென்னையில் பொருந்தலாம் ஐயா. இங்கே புள்ளி என்றால் பரீட்சைப் புள்ளி. "மீட்புப் புள்ளி பாருங்கோ" என்றால் என் மகள் பெறுபேற்றுத் தாளைத்தான் எடுத்து வருவாள். மீட்பு என்ற சொல்லும் இந்தக் கரையில் லேசான சொல் அல்ல. பத்திரிகையைத் திறந்தால் சடலம் மீட்பு. அடகுக்கடைக்குப் போனால் நகை மீட்பு. 2004 மார்கழியைப் பார்த்தவர்கள் வாசிக்கப்போகிற ஒரு விடுமுறைத் தாளில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. சொல்லுக்குப் பிழை இல்லை, இடத்துக்குப் பிழை.

> வலிகண் எப்படி? தண்டு வலித்தல் என்கிறோமே. (மன்னார்)

வலித்தல் என்றால் இழுத்தல், நல்ல பழஞ்சொல்தான். ஆனால் திருப்பிப் போட்டால் கண்வலி. ஐந்து கெப்புக்கும் சொட்டுமருந்து வாங்கவேண்டி வரும்.

> தோட்டத்து ரெயிலர் குண்டில கொழுவினா என்ன? எல்லாரும் அதுதானே செய்யிறம். (வவுனியா)

இது சொல்லைப் பற்றிய கேள்வி அல்ல, ஆனாலும் இதற்குத்தான் நீளமாகப் பதில் எழுதவேண்டும். தயவுசெய்து வேண்டாம். ரெயிலர் பூட்டும் அந்த உருண்டை, பின்னால் ஒரே சீராக வருகிற பாரத்துக்குச் செய்தது. மணலில் இழுப்பது அப்படி இல்லை. முன்வண்டி கொஞ்சம் தளர்வு விட்டு ஓடி, நைலோன் பட்டியை இழுத்து நீட்டுகிறது. 9 மீற்றர்ப் பட்டி ஐந்தில் ஒரு பங்கு நீண்டால் கிட்டத்தட்ட 11 மீற்றர். அந்த நீட்சியில் சேர்ந்த சக்திதான் புதைந்த வண்டியைப் பிடுங்கி எடுக்கிறது. பிடி உடைந்தால் அவ்வளவு சக்தியும் உடைந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு பறக்கும். உருண்டை கழன்று கண்ணாடியைத் துளைத்து ஆட்கள் செத்திருக்கிறார்கள், அவுஸ்திரேலியாவில் ஒரு தடவை அல்ல. அங்கே மணலில் ஓடிப் பழகினவர்கள் ரெயிலர் உருண்டையைத் தொடவே மாட்டார்கள். ரெயிலர் பூட்டுகிற சதுரக் குழாய் இருந்தால் உருண்டையை முழுதாகக் கழற்றிவிட்டு, அதற்குள் சக்கிள் போடும் கட்டையைச் செருகிக்கொள்ளலாம். பின்பக்கத்துக்கு அதுதான் மலிவான வழி.

> இழுவைதாங்கி. சுமைதாங்கி, இடிதாங்கி போல. (யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்)

சேர், இதை வாசித்ததும் எழும்பி நின்றுவிட்டேன். இழுவை என்று நீங்கள் எங்களுக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பித்த அதே இழுவை. தாங்கி என்பதில் சோதனையும் உள்ளுக்கே இருக்கிறது: தாங்காவிட்டால் அது அந்தப் பெயருக்கு உரியது இல்லை. ஹூக் என்ற சொல் வடிவத்தைச் சொல்கிறது. இது தகுதியைச் சொல்கிறது. எனக்கு இது போதும் என்று நினைக்கிறேன். தாளில் எழுதிவிட்டேன்.

மடல் 3

எழுதியதை அழித்துவிட்டேன். சேர் மன்னிக்கவேண்டும்.

தாளைக் கொண்டுபோய், வெல்டிங் வேலை செய்யும் கிண்ணியா நானாவிடம் காட்டினேன். பம்பருக்குக் கீழே படுத்திருந்தவர் அப்படியே தலையை மட்டும் வெளியே நீட்டி வாசித்தார். "இழுவைதாங்கியா? பவுசரை இழுத்துக்கொண்டு போப்போறீங்களா தம்பி?"

அப்போதுதான் உறைத்தது. திருகோணமலையில் தாங்கி என்றால் ஒன்றுதான் நினைவுக்கு வரும். சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள். வீட்டுக்கு மேலே இருப்பது தண்ணீர்த் தாங்கி, கெப்புக்குள் இருப்பது எரிபொருள் தாங்கி. இழுவை என்றால் மீனவர்களுக்கு இழுவைப்படகு. அந்தப் பேச்சை எடுத்தால் கூடாரத்தடியில் விடியும்வரை சண்டை. இரண்டையும் சேர்த்தால் எண்ணெய் ஏற்றிய மீன்பிடிப் படகு என்று அர்த்தம் வரும்போல இருக்கிறது.

ஆனாலும் தாங்குதல் என்ற வினையைக் கைவிட எனக்கு மனமில்லை. அதைப் பெயராக்காமல் வினையாகவே வைத்தால் என்ன? உதைபந்து, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. கூட ஒரு பெயர் வேண்டும். மன்னார் நண்பரின் "கண்" அங்கேயே கிடந்தது. வலைக்கண், ஊசிக்கண், தேங்காய்க்கண். எதற்குள் ஏதாவது நுழையுமோ அதைக் கண் என்று சொல்லப் பழகின ஊர் இது.

ஆக, கப்பலில் கட்டியது கட்டுகண். ரோட்டில் இழுப்பது இழுகண். உதறலைத் தாங்குவது தாங்குகண்.

மூன்றும் ஒரே அச்சு. முதல் பாதியைக் கேட்டாலே வேலை தெரிகிறது. "கட்டுகண்ணில் கொழுவி இழுக்காதே" என்றால் ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. நானாவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன், வேண்டுமென்றே வேறொன்றும் விளக்காமல். "தாங்குகண்ணா, செசியில இருக்கிறதுதானே" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

> கண் இல்லாமல் கொழுக்கியாகவே இருந்தால்? என்னுடைய பழைய வண்டியில் முன்பக்கம் அப்படித்தான். (மட்டக்களப்பு)

தாங்குகொழுக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். வினைதான் முக்கியம், பின்னால் வருவது இருக்கிறபடி.

> சரி, எவ்வளவு தாங்கவேண்டும்? (தொறொன்ரோ)

இங்கேதான் இன்னும் இரண்டு சொல் தேவைப்படுகிறது. பட்டியின் லேபலில் 8000 கிலோ என்று போட்டிருப்பார்கள். சக்கிளில் 4.75 தொன் என்று பொறித்திருக்கும். பார்த்தவுடன் சக்கிள்தான் பலவீனம் என்று நினைப்போம். நானும் நினைத்தேன், கடைக்காரரோடு தர்க்கமும் பட்டேன். இரண்டும் வேறு வேறு கணக்கு. பட்டியில் போட்டிருப்பது அது அறும் சுமை. சக்கிளில் பொறித்திருப்பது வேலைக்குப் பாவிக்கலாம் என்ற எல்லை. முறிவதற்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். ஒன்றை முறிசுமை என்றும் மற்றதைப் பாவனைச்சுமை என்றும் தாளில் பிரித்து எழுதிவிட்டேன். பட்டியின் முறிசுமை, இரண்டு வண்டியில் இலேசானதன் நிறைந்த பாரத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்பது வழக்கம். கூடாரம், சமையல் சாமான், 60 லீற்றர் தண்ணீர் எல்லாம் அந்தப் பாரத்தில் சேரும். பட்டிக்குக் குறுக்கே நனைந்த சாக்கு ஒன்று போடுங்கள், அறுந்தாலும் கொஞ்சம் அடங்கும். நிற்பவர்கள் பட்டியின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கவேண்டும், முன்னாலும் பின்னாலும் இல்லாமல் பக்கவாட்டில்.

காற்றிறக்கம் என்ற சொல்லையும் ஒருவர் தந்திருந்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் "காத்தை இறக்கு" என்று எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோருக்கும் விளங்குகிறது. அங்கே சொல் தேவையில்லை. திரும்பித் தார் ரோட்டில் ஏறுமுன் காற்றை அடிக்கவேண்டும் என்பதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மடல் 4

சுருக்கமாக ஒரு செய்தி. ஐந்து கெப்பில் மூன்றுக்குத் தாங்குகண் இருக்கவில்லை. முன்பக்கத்துக்கு வண்டியின் மொடலுக்கென்றே விற்கிற தடித்த தகட்டைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, செசியில் ஏற்கனவே இருந்த துளைகளிலேயே நானா போல்ட் போட்டு இறுக்கினார். வெல்டிங் செய்யச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார், வெல்டிங் அவருடைய தொழிலாக இருந்தும். சூடு பட்ட இடத்தில் செசி இரும்பின் பலம் குறையும் என்பது அவர் கணக்கு. நானும் வற்புறுத்தவில்லை.

எல்லாத் தாங்குகண்ணுக்கும் மஞ்சள் பெயின்ற் அடித்தோம். கட்டுகண்களில் கறுப்பு ரேப் சுற்றிவிட்டோம், இருட்டில் கைபோனாலும் சக்கிள் நுழையாதபடி. தாள் வெள்ளிக்கிழமை லமினேற் பண்ணப் போகிறது. சொல்லில் ஆட்சேபம் உள்ளவர்கள் வியாழனுக்குள் எழுதுங்கள்.

ஒரு ஆட்சேபம் எனக்கே இருக்கிறது. எந்த வண்டியில் எது என்று தெரியட்டுமே என்று, நான் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நானாவின் பையன் ஐந்து பம்பரிலும் பெயரை எழுதிவிட்டான். அழகான கையெழுத்து. ஐந்திலும் "தாங்குக்கண்". வினைத்தொகையில் வல்லினம் மிகாது தம்பி என்றேன். "நான்தான் மிக எழுதிட்டனே அண்ணா, இனி என்ன செய்யிறது" என்கிறான். தின்னர் வாங்க ஆள் அனுப்பியிருக்கிறேன்.