செடியாவில் இன்ஜின் மவுண்ட்டிங் போய்விட்டது: வீட்டு வாசலிலேயே மாற்ற முடியுமா?

செடியா கோத்தகிரி

வணக்கம். வண்டி 2008 மாடல் மிட்சுபிஷி செடியா, 2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். நாலு கதவும் டிக்கியும் வைத்துக்கொண்டு இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயே என்று மச்சான் கேலி செய்வார். ரேலியில் ஓடிய வண்டி என்று சொல்லி அவர் வாயை அடைப்பேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, அந்த அளவுக்கு நடுங்குகிறது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெரிசலில் நின்றால் ஸ்டியரிங், சீட், பின்பார்வைக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆடுகின்றன. ஏசி போட்டால் இன்னும் மோசம். (கோத்தகிரியில் ஏசி எதற்கு என்று கேட்காதீர்கள். மூடுபனியில் முன்கண்ணாடி தெளிய வேறு வழியில்லை.) முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது கீழே ‘தட்’ என்று ஒரு சத்தம். மேட்டுப்பாளையம் இறங்கும்போது குஞ்சப்பனை வரை இரண்டாவது கியரில்தான் வருவேன். ஆக்ஸிலேட்டரை விட்டுத் தொட்டால் கியர் லீவர் தானாகவே முன்னும் பின்னும் போய் வருகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் கீழே ஒரு ஷெட்டில் காட்டினேன். டைமிங் பெல்ட் பக்கம் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டிங் போய்விட்டது என்று அதை மட்டும் மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) நடுக்கம் கூடியது. கேட்டால், “புது ரப்பர், ஓட ஓட செட் ஆயிடும்” என்றார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆகவில்லை.

மற்ற மவுண்ட்டிங்கும் போயிருக்குமா? நானே மாற்றலாமா? டிராலி ஜாக்கி ஒன்று, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் இரண்டு, சாக்கெட் செட், போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரென்ச் இருக்கின்றன. இடம்தான் பிரச்சினை. எங்கள் வாசல் முழுக்கச் சரிவு. அம்மா அவரைக்கொட்டை காயவைக்கும் சிமெண்டுத் தளம் மட்டும் மட்டமாக இருக்கிறது.

கோவை 38

மவுண்ட்டிங்கைத் தொடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். நடுக்கம் ஒரே சீராக இருக்கிறதா, இல்லை இடையிடையே இருமுகிற மாதிரி விழுகிறதா? இருமினால் பிளக், காயில், த்ராட்டில் பாடி பக்கம் போங்கள். இன்ஜின் சரியாக எரியாத வண்டிக்கு எத்தனை ரப்பர் மாற்றினாலும் காசுதான் போகும்.

செடியா கோத்தகிரி

சீராகத்தான் இருக்கிறது. 1,500 ஆர்பிஎம் தாண்டினால் சுத்தமாக அடங்கிவிடும். பிளக் போன சர்வீஸில் மாற்றியதுதான்.

பழைய ஷெட், குன்னூர்

அப்படியென்றால் மவுண்ட்டிங்தான் தம்பி. உங்கள் வண்டியில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. டைமிங் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, இரண்டும் எடையைத் தாங்குகின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவற்றுக்கு ரோல் ஸ்டாப்பர் என்று பெயர். எடை தாங்குவது அவற்றின் முக்கிய வேலை இல்லை, இன்ஜின் புரளாமல் பிடித்துக்கொள்வதுதான். நீங்கள் மிதித்தால் இன்ஜினின் தலை உங்களைப் பார்த்துச் சாயும். காலை எடுத்தால், இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கில் வரும்போது, ரேடியேட்டர் பக்கம் சாயும். சமவெளியில் ஓடும் வண்டிக்கு இது எப்போதாவது. நம் ஊரில் ஒவ்வொரு வளைவுக்கும் இப்படி ஒன்று, அப்படி ஒன்று. மலை வண்டியில் ரோல் ஸ்டாப்பர் முதலில் போவதில் ஆச்சரியமே இல்லை.

சோதித்துப் பார்க்கச் செலவில்லை. பானெட்டைத் திறந்து வையுங்கள். நம்பிக்கையான ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டும் பிடித்து, முதல் கியரில் கிளச்சைக் கடிக்கிற இடம் வரை மட்டும் விடட்டும். அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. நீங்கள் வண்டிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நின்று பாருங்கள். கொஞ்சம் அசைவது இயல்பு. துள்ளினால் ரப்பர் இல்லை என்று அர்த்தம்.

செடியா கோத்தகிரி

பார்த்துவிட்டேன் அண்ணே. தம்பி உள்ளே உட்கார்ந்தான். முதல் கியரில் இன்ஜின் முன்பக்கம் இரண்டு விரல் அளவு எழுந்து ‘டொக்’ என்று விழுகிறது. ரிவர்ஸில் அவ்வளவு இல்லை. படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் ஸ்டாப்பரில் நடு உலோகக் குழாய் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது, ரப்பர் பாதி கிழிந்துவிட்டது. விரலால் தொட்டால் தார் மாதிரி ஒட்டுகிறது. முன் ஸ்டாப்பர் ரப்பரில் வெடிப்பு மட்டும்தான்.

ஃபேக்டரி ஃபிட்டர், கட்டபெட்டு

சார், நான் கார் மெக்கானிக் இல்லை, தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஆனால் ரப்பர் எனக்குத் தெரியும். வயதாகிப் போன ரப்பர் காய்ந்து வெடிக்கும், உங்கள் முன் ஸ்டாப்பர் மாதிரி. ஒட்டுகிறது என்றால் எண்ணெய் குடித்திருக்கிறது. ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதும், மெத்தென்று ஆகும், அப்புறம் கையோடு வரும். எங்கள் ரோலர் மெஷின்களுக்கு அடியில் இருக்கும் பேடுகளும் கியர்பாக்ஸ் ஒழுகினால் இப்படித்தான் போகும். புதுசு போடுவார்கள், ஆறு மாதத்தில் அதுவும் போகும். யாரும் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பின் ஸ்டாப்பருக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

செடியா கோத்தகிரி

வால்வ் கவர் கேஸ்கெட் (இன்ஜின் மேல்மூடியின் சீல்)! பின்பக்க மூலையிலிருந்து கோடு போட்ட மாதிரி இறங்கியிருக்கிறது. ஆயில் அளவு பெரிதாகக் குறையாததால் கவனிக்கவே இல்லை. நல்ல வேளை கேட்டீர்கள்.

கோவை 38

ஸ்பேர் கிடைப்பது கஷ்டம். பேசாமல் பழைய மவுண்ட்டிங்கில் இருக்கிற ரப்பரை எடுத்துவிட்டு பாலியூரித்தேன் ஊற்றிவிடுங்கள். ரேலி வண்டிகளில் கெட்டியான மவுண்ட்டிங்தான் போடுவார்கள். கியர் லீவர் கல் மாதிரி நிற்கும்.

மசினகுடி ஜீப்

ஊற்றிப் பார்த்தவன் சொல்கிறேன். கியர் லீவர் கல் மாதிரி நின்றது உண்மை. கூடவே டேஷ்போர்டு, கதவு பேனல், நாணயம் போடும் தட்டு எல்லாம் பேச ஆரம்பித்தன. கல்லட்டியில் 36 வளைவு இறங்கி மசினகுடி வருவதற்குள் என் மனைவிக்குத் தலைவலி வந்துவிட்டது. ரப்பரின் வேலையே அதிர்வை உள்ளே விடாமல் தின்பது. அதைக் கெட்டியாக்கினால் அவ்வளவும் பாடிக்குத்தான் போகும். நான்கே மாதத்தில் கழற்றிவிட்டேன்.

பழைய ஷெட், குன்னூர்

ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறவனுக்கு அது சரி. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டிக்கு வேண்டாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய மவுண்ட்டிங் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் பிராக்கெட் வேண்டுமானால் வாங்குங்கள், ரப்பரை வாங்காதீர்கள். கழற்றிப் போட்டாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். புதுசாகவே தேடுங்கள், ஸ்டாப்பர் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதுசானால் வெடித்துக் கிடக்கிற மற்றது சீக்கிரம் கிழியும்.

இனி வேலை. இதைப் பொறுமையாகப் படியுங்கள் தம்பி. முதலில் கேஸ்கெட்டை மாற்றி, கீழே இறங்கிய எண்ணெயெல்லாம் துடைத்து, இரண்டு நாள் ஓட்டிக் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்தச் சிமெண்டுத் தளத்தில் வண்டியை நிறுத்துங்கள், அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்ளுங்கள். பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஸ்டாண்டைத் தவிர வேறு எதன் மேலும் வண்டியை நிறுத்தக் கூடாது. ஹாலோ பிளாக் மேல் நிறுத்திவிட்டு அடியில் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது விரிசல் காட்டாமல் ஒரேயடியாக நொறுங்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

வண்டியை ஸ்டாண்டில் விட்ட பிறகு டிராலி ஜாக்கி இன்ஜினுக்கு. இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பில் (எண்ணெய்த் தொட்டி) ஜாக்கியின் தலை நேராகப் படக் கூடாது, தகடு ஒடுங்கிவிடும். அகலமான கற்பூர மரப் பலகை ஒன்றை இடையில் வைத்து, எடை விலகும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். தூக்கினால் போதும் என்று ஏற்றிக்கொண்டே போனால் ஹோஸும் எக்ஸாஸ்ட் பைப்பும் இழுபடும். ஒரு நேரத்தில் ஒரு மவுண்ட்டிங் மட்டும். ஒன்றை மாட்டி முடிக்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

முக்கியமானது இதுதான். எந்த போல்ட்டையும் உடனே முறுக்காதீர்கள். எல்லாவற்றையும் கையால் மாட்டி, ஜாக்கியை இறக்கி, இன்ஜின் தன் எடையில் தானே உட்காரட்டும். இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிவிடுங்கள். அப்புறம் எடை தாங்கும் இரண்டையும் முறுக்கி, ஸ்டாப்பர்களின் நடு போல்ட்டைக் கடைசியில் முறுக்குங்கள், மேனுவலில் உள்ள டார்க்குக்கு. இன்ஜின் தொங்கிக்கொண்டிருக்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். பிழிந்த ரப்பருக்கு அதிர்வைத் தின்ன இடம் ஏது?

நீங்கள் முதலில் காட்டிய ஷெட்டில் என்ன நடந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் புது மவுண்ட்டிங்கையும் கடைசியில் தளர்த்திப் பாருங்கள்.

செடியா கோத்தகிரி

தாமதத்துக்கு மன்னிக்கவும். ரப்பர் வர மூன்று வாரம் ஆனது. வேலை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. கோவை நண்பர் டார்க் ரென்ச்சுக்கு எக்ஸ்டென்ஷனோடு வந்தார். வெளியூர் வண்டி என்பதால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஏறி வந்தார், அந்தப் புண்ணியத்துக்கு மதியம் சாப்பாடு போட்டோம்.

முன் ஸ்டாப்பர் அரை மணி நேரத்தில் முடிந்தது. பின் ஸ்டாப்பரின் நடு போல்ட் இரண்டரை மணி நேரம் தின்றது. நம் ஊர்ப் பனிக்கு துரு சும்மா இருக்குமா? முந்தின நாளே டீசல் விட்டு வைத்திருந்தேன். ஸ்பேனரில் குழாய் மாட்டி இரண்டு பேரும் தொங்கினோம். கடைசியில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். ஒடிந்துவிட்டது என்றே நினைத்தேன், கழன்றிருக்கிறது. டீசல் சிந்தியதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் புது ரப்பரை உள்ளே கொண்டுபோனேன். ஃபிட்டர் சார் பயமுறுத்தியதால்.

புது ஸ்டாப்பரின் ஓட்டை போல்ட்டுக்கு நேராக வரவில்லை, இரண்டு நூல் (கால் அங்குலம்) இறங்கியிருந்தது. கடப்பாரை எடுக்கப் போன நண்பரைத் தடுத்து, ஜாக்கியை மூச்சு விடுகிற மாதிரி மெல்ல ஏற்றினேன். போல்ட் கையாலேயே போய்விட்டது.

பிறகு குன்னூர் அண்ணன் சொன்னபடி ஷெட்டில் மாட்டிய டைமிங் பக்க மவுண்ட்டிங்கைத் தளர்த்தினேன். நட்டு அரைச் சுற்று வருவதற்குள் இன்ஜின் தானாகவே ‘டப்’ என்று ஒரு நூல் நகர்ந்து உட்கார்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு மாதமாக அந்த ஒரு நூலுக்காகத்தான் என் கண்ணாடி நடுங்கியிருக்கிறது.

நான்கு மணிக்குப் பனி இறங்கிவிட்டது. ஏசி போட்டு பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். நின்ற இடத்தில் பின்னால் வந்த பஸ்ஸின் போர்டைக் கண்ணாடியில் படிக்க முடிந்தது. கியர் லீவர் நகரவில்லை. முதலில் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தது, இப்போது இல்லை.

ஃபேக்டரி ஃபிட்டர், கட்டபெட்டு

சந்தோஷம் சார். 500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒரு தடவை டார்க் வைத்துச் சரிபாருங்கள். எக்ஸாஸ்ட்டில் ஃபிளெக்ஸ் குழாய் (வளைந்துகொடுக்கும் பின்னல் குழாய்) இருந்தால் அதையும் பாருங்கள். இன்ஜின் இவ்வளவு நாள் குதித்ததில் அது பிரிந்திருக்கலாம்.

செடியா கோத்தகிரி

இன்று பார்த்தேன். மூன்று போல்ட் அசையவில்லை, பின் ஸ்டாப்பர் நடு போல்ட் மட்டும் கொஞ்சம் திரும்பியது. ஃபிளெக்ஸில் பின்னல் ஒரு பக்கம் பிரிந்து குளிர் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்கிறது. அதைக் கீழே கொண்டுபோய் வெல்டிங் செய்து புதுசு மாட்டத்தான் வேண்டும். அம்மா தளத்தில் எண்ணெய்க் கறை போகவில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சோப்புத் தூளும் மரத்தூளும் போட்டுத் தேய்த்தாயிற்று, வேறு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.