ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம்: பர்மிங்காமில் அடித்ததா, நகலா?

ராயக்கோட்டையான்

வணக்கம். பாட்டியின் இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு பதக்கம் கிடைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் சிங்கம் புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. சிங்கத்துக்கு மேலே உள்ள கொடியில் அரபு எழுத்து. அடியில் ரோமன் எண்களில் 1799. மறுபக்கத்தில் கோட்டை, ஏறிச் செல்லும் படை, உச்சியில் சூரியன். நிறம் மங்கிய சாம்பல். மேல் விளிம்பில் ஒரு துளை.

பெங்களூரில் ஒரு வியாபாரியிடம் காட்டினேன். கையில் வாங்கிய வேகத்திலேயே "கல்கத்தா நகல், வெறும் ஈயம், ஆயிரத்து ஐந்நூறு தருகிறேன்" என்றார். தரவில்லை. இது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தக் கேட்டலாக் வாங்கலாம்? எங்கள் குடும்பத்தில் யாரோ கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சிப்பாயாக இருந்தார் என்று பாட்டி சொல்வார்; பதக்கத்தை வைத்துப் பெயரைத் தேட முடியுமா? சித்தப்பா இதைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாம் என்பதும் அவர் யோசனைதான்.

செல்லாக்காசு

கிடைத்த காசுக்குக் கொடுத்திருக்கலாம். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 அரையணாவை வைத்துக்கொண்டு கோடி கேட்கிறார்களே, அந்தக் கதைதான் இதுவும். கம்பெனி என்றைக்குச் சாமி படம் போட்டுக் காசு அடித்தது?

மூன்றுசாமி

செல்லாக்காசு, அந்த அரையணா பிற்காலச் சரக்கு என்பதில் தகராறு இல்லை. ஆனால் கம்பெனி சாமி படம் போட்டதே இல்லை என்று அடித்துச் சொல்லாதீர்கள். சென்னைக் கோட்டையில் கம்பெனி அடித்த மூன்று சாமி வராகன் என்ற பொற்காசில் பெருமாள் இரண்டு தேவியரோடு நிற்கிறார். நான் இங்கே வைத்துக்கொண்டிருக்கும் பெயர் வேறு எங்கிருந்து வந்தது?

ராயக்கோட்டையாருக்கு: முதலில் புளியை எடுத்து ரசத்தில் போடச் சொல்லுங்கள். துணியால்கூடத் தேய்க்க வேண்டாம்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததற்காகக் கம்பெனி கொடுத்த பதக்கத்தின் வடிவம் இது. பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அடித்தார்கள். அச்சு வெட்டியவர் கூக்லர். தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலை அதிகாரிகளுக்கு முலாம் பூசிய வெள்ளி, இளைய அதிகாரிகளுக்கு வெள்ளி, அதற்குக் கீழே வெண்கலம், சிப்பாய்க்கு வெள்ளீயம், அதாவது டின். ஆகவே "வெறும் ஈயம்" என்பது குறையே அல்ல. சிப்பாய் வீட்டுப் பெட்டியில் தங்கம் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கல்கத்தா நாணயச்சாலையும் இதே வடிவத்தில் அடித்தது. அளவு மட்டும் சிறியது. சோஹோ 48 மில்லிமீட்டர், கல்கத்தா 45. உங்கள் வியாபாரி அளக்காமலேயே கல்கத்தா என்றாரா? ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி அளந்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பதக்கத்தைத் துளையில் நூல் கட்டி, அடியிலும் சுவரிலும் படாமல் முழுகும்படி பிடியுங்கள். தராசு ஒரு சிறிய எண் காட்டும். முதல் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். வெள்ளீயம் 7.3 அருகில், கறுப்பு ஈயம் 11.3, வெள்ளி 10.5. கறுப்பு ஈயம் என்றால் நகல் என்று பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு லென்ஸ். வார்ப்பு நகலில் சிங்கத்தின் பிடரி மயிர் சோப்பு போல வழவழத்துக் கிடக்கும். தளத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தழும்பு தெரியும். நல்ல அச்சில் தேதி இருக்கும் கீழ்ப்பகுதியில் கூக்லரின் முதலெழுத்துகள் சி.எச்.கே. கூர்மையாக நிற்கும்.

இந்தப் பதக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கொடிதான். அதில் இருப்பது "அசதுல்லாஹ் அல் காலிப்", இறைவனின் சிங்கம் வெல்லும் என்பது பொருள். திப்புவின் ஆயுதங்களில் புலிமுகமாகப் பின்னி எழுதியிருப்பதும் இதே வாசகம். தோற்றவனின் வாசகத்தையே பிடுங்கிச் சிங்கத்தின் தலைக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். உச்சிச் சூரியனும் அழகுக்காகப் போட்டதல்ல, தாக்குதல் நண்பகல் கடந்து ஒரு மணிவாக்கில் தொடங்கியது.

கேட்டலாக்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பட்டெஸ்டர் எழுதியது, 2002இல் லண்டன் ஸ்பிங்க் வெளியீடு. 1750 முதல் 1947 வரை பிரிட்டிஷ் இந்திய நினைவுப் பதக்கங்கள், அரிதான நிலை, மதிப்பு எல்லாம் அதில் உண்டு. விலை கையைக் கடிக்கும். லாரன்ஸ் பிரவுன் மூன்று தொகுதிகள் போட்டிருக்கிறார். உங்களுக்கு 1760 முதல் 1837 வரையிலான முதல் தொகுதி போதும். ஐமர் எழுதியது ஒரே தொகுதிதான், 2010இல் திருத்திய பதிப்பு வந்தது. புரட்டிப் பார்க்க வசதி. ஆனால் பிரிட்டிஷ் பதக்கம் முழுவதையும் ஒரு கூடையில் அள்ளியதால் இந்தியப் பகுதி கொஞ்சம்தான். கேட்டலாக் விலையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டியல் எண்ணுக்காகவும் வகை பிரிப்பதற்காகவும் வாங்குங்கள்.

முன்னோர் விஷயம் கொஞ்சம் ஏமாற்றம் தரும். இதில் பெயர் பொறிக்கவில்லை. கம்பெனித் தளபதி ஹாரிஸின் படை வேலூரில் கூடி உங்கள் ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூருக்குள் போனது என்பது உண்மை. அந்த வட்டாரத்து வீடு ஒன்றில் இது கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் அதையே சான்றாக நீட்ட முடியாது.

எழும்பூர்வாசி

லண்டன் யோசனையை உடனே விட்டுவிடுங்கள். நூறாண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கூரியரில் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ராயக்கோட்டையான்

அளந்தேன். குறுக்களவு 48க்கு ஒரு முடி கூட. அடர்த்தி 7.2 வந்தது. முதலெழுத்துகளில் கே மட்டும் தெளிவாகத் தெரிகிறது, மற்றவை தேய்ந்திருக்கின்றன. விளிம்பில் அரத் தழும்பு இல்லை. துளையை அடைத்து, வெள்ளி வளையம் பற்றவைத்துத் தருவதாக எங்கள் ஊர்ப் பத்தர் சொல்கிறார். செய்யலாமா?

மூன்றுசாமி

கல்கத்தா என்ற பேச்சு முடிந்தது. வெள்ளீயத்திலும் நகல் செய்யலாம் என்பதால் படம் பார்க்காமல் அசல் என்று கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டு பக்கமும், விளிம்பைச் சாய்த்தும், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.

பத்தரிடம் கொடுக்காதீர்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் இதே உலோகம்தான், 232 டிகிரியில் உருகிவிடும். பற்றவைக்கும் சூட்டில் சிங்கமும் புலியும் சேர்ந்து ஓடிவிடும். இந்தப் பதக்கத்தைத் தொங்கவிட வளையம் வைத்துக் கொடுக்கவில்லை. பெற்றவர்கள் அவரவர் வசதிப்படி துளையோ கொக்கியோ போட்டுக்கொண்டார்கள். துளையால் விலை குறையும், உண்மைதான். ஆனால் யாரோ ஒருவர் இதை அணிந்திருந்ததற்கு உங்களிடம் இருக்கும் ஒரே தடயமும் அதுதான். பி.வி.சி. உறையில் போடாமல் அமிலமற்ற காகித உறையில் வையுங்கள், அளவையும் எடையையும் உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள். அந்த வியாபாரி மறுபடி அழைத்தால் 48 மில்லிமீட்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு என்ன விலை சொல்கிறார் என்று கேளுங்கள்.