ரிம் மாற்றிய பிறகு இடப்பக்கம் உரசிய சக்கரம்

அப்பா ஓட்டிய பழைய 28 இஞ்ச் சைக்கிள். கம்பி பிரேக், கேரியர் எல்லாம் திடமாக இருக்க, பின்சக்கர ரிம் மட்டும் நிப்பிள் (கம்பி நுனியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு திருகு) ஓட்டைகளைச் சுற்றித் துரு தின்று பொத்துப் போயிருந்தது. டவுனுக்குப் போய்ப் புது ரிம் வாங்கினேன். வீட்டில் வந்து எண்ணினால் 32 ஓட்டை. அது முன்சக்கரத்துக்கு, இந்த வகை வண்டியில் பின்சக்கரத்துக்கு 40 கம்பி. மறுபடி பஸ் ஏறிப் போய் மாற்றி வந்தேன்.

கம்பி கோத்த கடையில் சுற்றிக் காட்டினார்கள். துளிக் கோட்டம் இல்லை. வீட்டுக்கு ஓட்டி வரும்போதுதான் சர்ர் சர்ர் என்று சத்தம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இடப்பக்கத் தண்டில் டயர் உரசுகிறது. திரும்பக் கொண்டுபோனால், அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சற்றுச் சாய்த்து வைத்து இறுக்கிவிட்டு, “ஓட்ட ஓட்டச் சரியாயிடும் சார்” என்றார்கள். உரசல் நின்றது, சரிதான். ஆனால் முன்சக்கரம் ஒரு பக்கம் பார்க்க, பின்சக்கரம் இன்னொரு பக்கம் பார்த்தது. செயின் வேறு கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

கடைசியில் எங்கள் தெருமுனையில், புளியமரத்தடியில் பஞ்சர் ஒட்டும் பெரியவரிடம் போனேன். அவர் சக்கரத்தைச் சுற்றியே பார்க்கவில்லை. கழற்றி, ஃப்ரீவீல் (செயின் மாட்டும் பின் பல்சக்கரம்) இடப்பக்கம் வருகிற மாதிரி திருப்பி மாட்டினார். இப்போது டயர் வலப்பக்கத் தண்டில் உரசியது.

“பாத்தியா தம்பி, வண்டி மேல தப்பில்ல. சக்கரத்துலதான்.”

பின்சக்கரத்தில் வலப்பக்கத்து இடத்தை ஃப்ரீவீல் பிடித்துக்கொள்கிறது. அதனால் சக்கரத்தின் நடு உருளையான ஹப்பில், கம்பிகள் மாட்டியிருக்கும் தட்டுகள் இரண்டும் சற்று இடப்பக்கம் தள்ளித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்கினால் ரிம் அந்தத் தட்டுகளுக்கு நடுவில் போய் நிற்கும், வண்டிக்கு நடுவில் நிற்காது. வலப்பக்கக் கம்பிகள் கூடுதல் இறுக்கமாக இருக்க வேண்டும். கடைக்காரர் முன்சக்கரம் கோக்கிற மாதிரியே இதையும் கோத்துவிட்டார். ஆடாமல் அசையாமல் முழு ரிம்மும் இடம் மாறி நின்றதால், சுற்றிப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியவில்லை.

பெரியவர் வால்வு ஓட்டையிலிருந்து தொடங்கி, இடப்பக்கக் கம்பி இருபதையும் அரைச் சுற்றுத் தளர்த்தினார். பிறகு வலப்பக்கம் இருபதும் அரைச் சுற்று இறுக்கம். ரிம்முக்கும் தண்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். இன்னொரு கால் சுற்று. நானும் நிப்பிள் சாவியை வாங்கி இரண்டு நிப்பிளைத் திருகினேன், இரண்டும் தப்பு. நிப்பிளின் தலை ரிம்முக்குள் இருக்கிறது, நாமோ ஹப் பக்கமிருந்து பார்க்கிறோம். இறுக்குவதாக நினைத்து வலமாகத் திருகினால் தளரும்! சிரித்துக்கொண்டே சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்புறம் சாக்பீஸைத் தண்டில் ஊன்றிப் பிடித்து, ரிம்மில் கோடு விழுந்த இடங்களில் மட்டும் சில்லறைக் கோட்டத்தை எடுத்தார். முடிந்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து உள்ளங்கையால் அழுத்தினார். டிக், டிக் என்றது. முறுக்கிக்கொண்ட கம்பி நேராகிறதாம். ஐம்பது ரூபாய் கேட்டார். கடையில் இதைப் போல நான்கு மடங்கு அழுதிருந்தேன்.

* * *

மேலே எழுதியவருக்கு நடந்ததற்கு நேர் எதிர் எனக்கு நடந்தது. ப்ளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். மழைத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் விட்டு முன் ரிம் எட்டாக வளைந்துபோய், புதுசு போட்டேன். போட்ட அன்றே சக்கரம் வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. கோத்தவருடன் ஒரு பாட்டம் சண்டையும் போட்டாயிற்று.

என் தம்பிதான் சக்கரத்தைத் திருப்பி மாட்டச் சொன்னான். மாட்டினேன். அப்போதும் அதே வலப்பக்கம்தான் ஒதுங்கியது. ரிம்மில் தப்பில்லை, பள்ளத்தில் இறங்கிய அன்றே முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் ஒரு கால் வளைந்திருக்கிறது, ரிம் போன கவலையில் அதை யாரும் கவனிக்கவில்லை. ஃபோர்க்கை மாற்றிய பிறகு ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் சக்கரம் நடுவுக்கு வந்துவிட்டது. கோத்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லம்மா” என்றார், முகம் என்னவோ தெளியவில்லை.

* * *

மேலே எழுதிய இருவரோடு நானும் ஒன்று சொல்கிறேன்: கோட்டம் எடுத்தவர்கள் ஒரு தடவை டயரைக் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். ரிம் மாற்றிய வாரத்தில் எனக்கு மூன்று பஞ்சர். மூன்று தடவையும் டயரில் முள்ளைத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது தடவைதான் டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்க்கத் தோன்றியது. தரையைப் பார்த்த பக்கம் இல்லை, ரிம்மைப் பார்த்த பக்கம். புது ரிம்மின் உள்ளாழம் பழையதைவிடக் கொஞ்சம் அதிகம், கம்பிகளோ பழையவை. நிப்பிளைத் தாண்டி ஏழெட்டுக் கம்பிகளின் நுனி அரிசி அளவு நீட்டிக்கொண்டிருந்தது. அரத்தால் ராவி, ரிம் நாடாவை இரண்டு சுற்றாகப் போட்டேன். அதற்கப்புறம் வந்த ஒரே பஞ்சர், நிஜமாகவே கருவேல முள்.