மூன்றரை மணி நேரம் ட்ரெய்லர் மட்டும் பார்க்க ஒரு ப்ளூ-ரே வேணுமா?

ரீல்பெட்டி:
போன சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தவன், எழுந்தப்போ மணி ரெண்டு. பார்த்தது ஒரு படம்கூட இல்ல, அத்தனையும் ட்ரெய்லர். ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட் ஃபாரெவர்’னு சினாப்ஸ் ஃபிலிம்ஸ்ங்கிற கம்பெனி 2005ல டிவிடியா ஆரம்பிச்ச ட்ரெய்லர் தொகுப்பு வரிசை. 2012ல வந்த ப்ளூ-ரே எனக்கு இப்பத்தான் கைக்குக் கிடைச்சது. மூன்றரை மணி நேரத்தைத் தாண்டுது.

தெரியாதவங்களுக்கு: நியூயார்க்ல 42வது தெருவுல, ஏழாவது அவென்யூவுக்கும் எட்டாவது அவென்யூவுக்கும் நடுவுல இருக்கிற துண்டு முழுக்க ஒரு காலத்துல வரிசையா தியேட்டர். 70கள்ல குங்ஃபூ, பேய், பைக் கும்பல், பெண்கள் சிறைன்னு ஒரே டிக்கெட்ல ரெண்டு படம் ஓடும். பெரிய கம்பெனிகள் தொடக் கூசுற விஷயத்தைக் காட்டிக் காசு பார்க்கிற படங்கள். அதுக்குத்தான் எக்ஸ்ப்ளாய்டேஷன்னு பேரு. 90கள்ல அந்தத் தெருவையே கழுவித் துடைச்சுட்டாங்க. நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டரை டிஸ்னி புதுப்பிச்சு 1997ல திறந்தது. எம்பயர் தியேட்டரை 1998ல கட்டடத்தோட பெயர்த்து அதே தெருவுல நகர்த்தி, ஒரு மல்டிப்ளெக்ஸுக்கு வாசல் ஆக்கிட்டாங்க.

என் கட்சியைச் சொல்லிடறேன். அந்தப் படங்கள்ல பாதிக்கு, ட்ரெய்லர்தான் நல்ல படம். மறுக்கிறவங்க வரலாம்.

தலைகீழ்_நெகட்டிவ்:
வந்துட்டேன். யூட்யூப்ல ஓசியில கிடக்கிறதுக்குக் காசு குடுத்தது உங்க இஷ்டம். அதை நல்ல படம்னு மட்டும் சொல்லாதீங்க. தூண்டில் புழுவா சேர்த்து வெச்சிருக்கிறவரை மீன்காரர்னு யாரும் கூப்பிடுறதில்ல.

இந்த மாதிரி மலிவுப் படங்களை எடுத்துத் தள்ளின தயாரிப்பாளர் ரோஜர் கார்மன் 1970ல தொடங்கின நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ்ல ட்ரெய்லர் வெட்டிக்கிட்டிருந்தவர் ஜோ டான்டே. பின்னாடி பெரிய டைரக்டர் ஆனாரே, அவர்தான். அவர் சொன்ன கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ட்ரெய்லர் சப்புன்னு இருந்தா, ஹெலிகாப்டர் வெடிக்கிற ஷாட் ஒண்ணு கைவசம் வெச்சிருப்பாங்க. வேற ஏதோ படத்துல எடுத்தது. அதை நடுவுல சொருகிடுவாங்க. டிக்கெட் எடுத்து உள்ள போனவன் ஹெலிகாப்டர் எப்ப வரும் எப்ப வரும்னு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருப்பான். இந்த மோசடியைத்தான் நீங்க ப்ளூ-ரேல வாங்கியிருக்கீங்க.

ரீல்பெட்டி:
மோசடிதான், நான் எங்க இல்லைன்னேன்? எப்படி மோசடி பண்ணாங்கங்கிறதுதானே சுவாரஸ்யம்.

பாஸ்டன்ல ஹால்மார்க் ரிலீசிங்னு ஒரு விநியோகக் கம்பெனி. வாழ்த்து அட்டை போடுற ஹால்மார்க் இல்ல, இது வேற ஜாதி. ‘மார்க் ஆஃப் தி டெவில்’ பார்க்க வர்றவங்களுக்கு வாசல்லயே வாந்திப் பை குடுத்தாங்க. இத்தாலியில மரியோ பாவா 1971ல எடுத்த ஒரு கொலைப் படத்தை அமெரிக்காவுல ஒரு பேர்ல விட்டாங்க, அப்புறம் இன்னொரு பேர்ல விட்டாங்க. சம்பந்தமே இல்லாத வேறொரு ஹிட் படத்தோட ரெண்டாம் பாகம்னுகூட ஓட்டினாங்க. இந்தத் தில்லாலங்கடி எல்லாம் படத்துக்குள்ள பதிவாகாது. போஸ்டர்லயும் ட்ரெய்லர்லயும்தான் இருக்கும்.

அப்புறம் அந்தக் குரல்! கறுப்பின நாயகர் படங்களோட ட்ரெய்லர்கள்ல வர்ற அடால்ஃப் சீசர் குரல். படம் ஓட்டை உடைசல், குரல் வெண்கலம். அதே மனுஷன் ‘எ சோல்ஜர்ஸ் ஸ்டோரி’யில (1984) நடிச்சு ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனார். யூட்யூப்ல இது தெரியாது. டிஸ்க்ல, ட்ரெய்லர் ஓடுறப்பவே பின்னாடி விளக்கிப் பேசுற கமென்ட்ரியைப் போட்டுக் கேளுங்க.

ஆபரேட்டர்_மகன்:
சண்டைக்கு நடுவுல தொழில் விஷயம் ஒண்ணு. எங்கப்பா முப்பது வருஷம் கேபின்ல நின்னவர், அதனால கை துறுதுறுங்குது.

35 எம்எம் பிலிம் 90 அடி ஓடினா ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷ ட்ரெய்லர் 180 அடி, உள்ளங்கைல அடங்குற சுருள். ஒன்றரை மணி நேரப் படம்னா 8,100 அடி, அஞ்சு பெரிய ரீல். இப்ப நீங்களே யோசிங்க, ஆபரேட்டர் வீட்டுப் பரண்ல எது தங்கும்? அமெரிக்காவுல 1920ல தொடங்கின நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ்தான் தியேட்டர்களுக்கு ட்ரெய்லரையும் போஸ்டரையும் வாடகைக்கு அனுப்பிக்கிட்டிருந்தது. திரும்பிப் போகாம தங்கினது, குப்பைக்குப் போற வழியில யாரோ எடுத்து வெச்சது, இதெல்லாம்தான் இப்ப டிஸ்க்கா வருது. கராஜ்ஹவுஸ் பிக்சர்ஸோட ‘ட்ரெய்லர் ட்ராமா’வும் அப்படி சேகரிச்ச 35 எம்எம் சுருள்கள்ல இருந்து ஸ்கேன் பண்ணினதுதான்.

அந்த ரோஸ் கலரைப் பத்தியும் சொல்லணும். பல ட்ரெய்லர் முழுக்க ரோஜாப்பூ நிறத்துல இருக்கும். அது ஸ்டைல் இல்ல சாமி. பழைய ஈஸ்ட்மன் கலர் பிரிண்ட்ல நீலச் சாயம் முதல்ல செத்துப்போகும், சிவப்பு மட்டும் நிக்கும். டெக்னிகலர்ல சாயம் ஏத்தின பிரிண்டா இருந்தா இன்னிக்கும் பளிச்சுன்னு இருக்கும். கோடு விழுந்தது, ஒட்டுப் போட்ட இடத்துல குதிக்கிறது, எல்லாம் ஓடி ஓடித் தேஞ்ச தேய்மானம். இதைப் போய் அழகுங்கிறாங்க. எங்கப்பா கேட்டா அடிப்பார்.

தலைகீழ்_நெகட்டிவ்:
ஆபரேட்டர் மகன் வாய்க்குச் சர்க்கரை. 2007ல ‘கிரைண்ட்ஹவுஸ்’ல புதுசா எடுத்த படத்துக்கே கம்ப்யூட்டர்ல கோடு போட்டாங்க. நடுவுல போலி ட்ரெய்லர் வேற. அதுல ‘மச்செட்டி’ 2010ல நிஜப் படமாச்சு, ‘தேங்க்ஸ்கிவிங்’ 2023ல நிஜப் படமாச்சு. பொய் விளம்பரம் முதல்ல, சரக்கு அப்புறம். கார்மனுக்கே தோணாத யோசனை.

ஈஸ்ட்ஹாம்_ஈசன்:
நான் லண்டனிலை இருக்கிறன். இஞ்சை இந்தக் கதை வேறை மாதிரி.

எண்பதுகளின்ரை துவக்கத்திலை வீடியோக் கசெற்றுக்குத் தணிக்கை எண்டு ஒண்டும் இருக்கேல்லை. பேப்பர்காரர் ‘வீடியோ நாஸ்டி’ (அருவருப்பான வீடியோ) எண்டு பேர் வைச்சுக் கத்தத் துவங்கிச்சினம். கடையளிலை பொலிஸ் புகுந்து கசெற்றுகளை அள்ளினது. 1984இலை சட்டம் வந்தது. அரச வழக்குத் தொடுநரின்ரை பட்டியலிலை வந்துபோன படங்கள் மொத்தம் 72, அதிலை 39 படங்களுக்கு வழக்கு நிண்டது. எங்கடை தெருக் கடைக்காரர் பயத்திலை நல்ல பிள்ளையாட்டம் காட்டூன் உறைக்குள்ளை பேய்ப்படம் வைச்சிருந்தவர். ஒருநாள் என்ரை தங்கச்சிக்கு அது மாறி வந்து வீட்டிலை பட்ட பாடு வேறை.

நியூக்கிளியஸ் ஃபிலிம்ஸ் 2010இலை மூண்டு டிஸ்க்கோடை ஒரு பெட்டி விட்டவை. ஒண்டிலை விவரணப்படம், மற்ற ரெண்டிலையும் 72 படங்களின்ரை ட்ரெய்லர். ட்ரெய்லருக்கு முன்னாலை விசயம் தெரிஞ்ச ஒராள் வந்து அந்தப் படத்துக்கு என்ன நடந்தது எண்டு கதைப்பார். ரீல்பெட்டி அண்ணை, நீங்கள் பாத்தது மாலை கட்டினது. இது சாட்சி வைச்சுக் காட்டுறது. ரெண்டும் ஒண்டில்லை.

மதிநிலா:
ஈசன் அண்ணா சொன்ன இடத்துல இருந்தே பிடிச்சுக்கிறேன். நானும் இந்த வரிசையில ரெண்டு டிஸ்க் முழுசா பார்த்தவதான், வேலிக்கு வெளிய நின்னு பேசலை.

ஒரு ட்ரெய்லர் பார்த்தா சிரிப்பு வரும். பத்தாவதுல வயித்தைப் பிசையும். ஒரு பொண்ணு அலறுவா, துணி கிழியும், அது மேல ஒரு ஆம்பளைக் குரல் நக்கலா ஏதாவது சொல்லும். அடுத்தது, மறுபடி அதே. ‘தி பிக் டால் ஹவுஸ்’னு 1971ல பிலிப்பைன்ஸ்ல எடுத்த படம் நல்லா ஓடினதும், அங்கேயே போய்ப் பெண்கள் சிறைப் படமா எடுத்துத் தள்ளினாங்க. அந்தப் படங்களுக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா படத்துக்குள்ள அந்தப் பெண்கள் பேசிக்கிறாங்க, ஒருத்தியை ஒருத்தி காட்டிக் குடுக்கிறாங்க, சேர்ந்து தப்பிக்கத் திட்டம் போடுறாங்க. ‘காஃபி’யில (1973) பாம் க்ரியர் ஒரு நர்ஸ். தங்கச்சியைப் போதையில தள்ளினவங்களைத் தேடிப் போறா. ஒன்றரை மணி நேரத்துல அவளுக்குக் கோபம் இருக்கு, அசதி இருக்கு, நம்பின ஆளே ஏமாத்துற வலி இருக்கு. ட்ரெய்லர் வெட்டுறவனுக்கு அதுல வேண்டியது உடம்பும் துப்பாக்கியும் மட்டும்.

அதனால ‘ட்ரெய்லர்தான் நல்ல படம்’ங்கிறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். படத்துல மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மனுஷத்தனத்தையும் வழிச்செடுத்துட்டுக் குடுக்கிறதுதான் ட்ரெய்லர். அப்படி வழிச்செடுத்ததை மூன்றரை மணி நேரம் அடுக்கி, பார்ட்டிக்குப் போட்டுக்கோன்னு விக்கிறாங்க.

ரீல்பெட்டி:
மதி, சுருக்குன்னு இருக்கு. ‘நல்ல படம்’னு சொன்னது வாய்த்துடுக்கு, வாபஸ்.

ஆனா ஒண்ணு கேட்கிறேன். வழிச்செடுத்தாங்கன்னு நீங்க இப்ப காட்டினீங்களே, அதுக்கு ட்ரெய்லர் கையில இருந்தாத்தானே முடிஞ்சது? எதைக் காட்டினா தெருவுல போறவன் உள்ள வருவான்னு அன்னிக்குப் போட்ட கணக்கு அதுல அப்படியே இருக்கு. அதை யாரும் வெளியிடலைன்னா, முப்பது வருஷம் கழிச்சு இந்தப் படங்களைப் புது மெருகோட பார்க்கிறவன் ‘அடடா, எவ்வளவு துணிச்சலான பெண் பாத்திரம்’னு எழுதிட்டுப் போயிடுவான். எப்படி வித்தாங்கன்னு அவனுக்குத் தெரியாது.

மதிநிலா:
ஒளிச்சு வைக்கச் சொல்லலை. அடுக்குற விதத்தைத்தான் சொல்றேன். 1987ல வந்த ‘மேட் ரான்ஸ் ப்ரிவ்யூஸ் ஃப்ரம் ஹெல்’ கேசட்ல ட்ரெய்லருக்கு நடுவுல பொம்மையைப் பேச வைக்கிறவரும் அவரோட பிணப் பொம்மையும் வந்து ஜோக் அடிக்கும். அந்தக் கூத்துப் புத்தி இன்னும் போகலை. கமென்ட்ரியில பிரிண்ட் பத்தி, நடிகர் பத்தி, விநியோகக்காரர் பத்தி எல்லாம் சொல்றாங்க. ‘இந்தக் காட்சியை ஏன் எடுத்தாங்க’ன்னு எத்தனை பேர் கேட்கிறாங்க?

காத்தவராயன்_வக்கீல்:
எல்லாரும் ஒரு கேள்வியை விட்டுட்டீங்க: இதெல்லாம் யாரோட சொத்து?

அமெரிக்கச் சட்டப்படி 1978க்கு முன்னாடி வெளியான எதுலயும் காப்புரிமைக் குறிப்பு அச்சாகியிருக்கணும். இல்லைன்னா பொதுச் சொத்து. ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) தலைப்பை மாத்தினப்போ குறிப்பு விழுந்துபோய், முழுப் படமே அநாதை ஆனது அப்படித்தான். ரெண்டு வாரத்துல தூக்கிப் போடப் போற ட்ரெய்லருக்குக் குறிப்புப் போட எவன் மெனக்கெட்டான்? 1978ல இருந்து 1989 மார்ச் வரைக்கும் விட்டுப்போன குறிப்பைச் சரிசெய்ய அஞ்சு வருஷ அவகாசம் இருந்தது. அதுக்கும் யாரும் ஓடலை. தொகுப்பு டிஸ்க் இவ்வளவு சுலபமா வர்றதுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஆனா முழுசா கை கழுவ முடியாது. 2011ல வார்னர் பிரதர்ஸுக்கும் எக்ஸ் ஒன் எக்ஸ் கம்பெனிக்கும் நடந்த மேல்முறையீட்டுல, குறிப்பு இல்லாம வெளியான பழைய படங்களோட விளம்பரப் போஸ்டரும் புகைப்படமும் பொதுச் சொத்துதான்னு நீதிமன்றம் சொல்லிச்சு. கூடவே, படத்துல இருக்கிற பாத்திரத்தோட உரிமை அதனால போயிடாதுன்னும் சொல்லிச்சு.

தலைகீழ்_நெகட்டிவ்:
நிஜமா எடுத்த ஆளுக்கு இதுல சல்லிக்காசு போகலைன்னு அர்த்தம். படம் பேரே சுரண்டல், டிஸ்க்கும் சுரண்டல்.

காத்தவராயன்_வக்கீல்:
அப்பவும் டைரக்டருக்குப் பெருசா ஒண்ணும் போகலை ஐயா.

மதிநிலா:
நான் தொகுத்தா எப்படிப் பண்ணுவேன் தெரியுமா? ஒவ்வொரு ட்ரெய்லருக்குப் பின்னாடியும், அது மறைச்ச மூணு நிமிஷத்தைப் படத்துல இருந்தே எடுத்துப் போடுவேன். ஹெலிகாப்டர் சொருகின ட்ரெய்லருக்குப் பின்னாடி, ஹெலிகாப்டர் இல்லாத அசல் க்ளைமாக்ஸ்.

காத்தவராயன்_வக்கீல்:
அருமையான யோசனை, வெளியிடவே முடியாது. ட்ரெய்லர் அநாதை, ஆனா படத்துக்கு உரிமையாளர் இருக்கார். அந்த மூணு நிமிஷத்துக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கணும். டிஸ்னி படங்கள்ல இருந்து ரெண்டு நிமிஷத் துண்டு வெட்டி முன்னோட்டமா காட்டின ‘வீடியோ பைப்லைன்’ கம்பெனி 2003ல மேல்முறையீட்டுலயும் தோத்துப்போச்சு.

ஈஸ்ட்ஹாம்_ஈசன்:
படத்தைத்தானே காட்டேலாது? வாயாலை சொல்லலாம்தானே. ட்ரெய்லர் ஓடேக்கை, ‘இந்த இடத்திலை இன்னதை வெட்டி எறிஞ்சிருக்கிறாங்கள்’ எண்டு பின்னாலை ஒராள் கதைச்சால் ஆர் வழக்குப் போடப் போறான்? பிள்ளை மதி, நீங்களே கதையுங்கோவன்.

ரீல்பெட்டி:
என்கிட்ட மைக் இருக்கு. நான் பிரிண்ட், கம்பெனி, வருஷம் பார்த்துக்கிறேன், நீங்க வெட்டி எறிஞ்சதைப் பேசுங்க. நெகட்டிவ் சாரும் வரட்டும், ஹெலிகாப்டர் வர்ற இடத்துல மணி அடிக்க. மதி, டிஸ்க்கைத் திங்கட்கிழமை கூரியர்ல போடவா?

மதிநிலா:
படம் எல்லாத்தையும் முதல்ல முழுசா பார்க்கணும், அதுக்கே ரெண்டு மாசம் ஆகும். அனுப்புறதுக்கு முன்னாடி டிஸ்க்ல ரீஜன், அதான் எந்த ஊர் ப்ளேயர்ல ஓடும்ங்கிற எழுத்து, பாருங்க அண்ணா. அது ஏ-ன்னா என் ப்ளேயர்ல ஓடாது, இங்க வாங்கினது, சி மட்டும்தான் எடுக்கும்.

ரீல்பெட்டி:
சரி, ப்ளேயரையும் சேர்த்தே அனுப்புறேன். ரிமோட்ல ரெண்டு பட்டன் வேலை செய்யாது.