படகில் ஸ்டியரிங் ஏன் வலப்பக்கம்?

புங்கோல்வாசி:
உல்லாசப் படகு ஓட்டும் உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. சிங்கப்பூரில் கார் சாலையின் இடப்பக்கம் போகிறது, எதிர்வண்டி நமக்கு வலப்பக்கம் வருகிறது, அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம். சரி. கடலிலோ குறுகிய வழியில் வலப்பக்கம் ஒட்டிப் போ என்கிறார்கள். எதிர்ப்படகு என் இடப்பக்கம்தானே கடக்கும்? அப்படியானால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்க வேண்டாமா?

போன சனிக்கிழமை படகின் இடப்பக்கத்தை ஜெட்டியோடு, அதாவது படகுத்துறையோடு, அணைக்கச் சொன்னார்கள். வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல இடி. வாங்கிய திட்டு தனிக்கதை.

பழைய டக்போட் ஆள்:
தம்பி, சாலையை வைத்துக் கடலைப் பார்க்கிறீர்கள். 26 வருஷம் கப்பல்களை இழுக்கும் டக்போட்டில் இருந்தவன் சொல்கிறேன், நேர் எதிரே வருகிறவன் பெரிய தலைவலி இல்லை. இரண்டு பேரும் வலப்பக்கம் திருப்பினால் முடிந்தது. வம்பு குறுக்கே வருகிறவனிடம்தான்.

இரண்டு இயந்திரப் படகுகள் குறுக்கிட்டால், மற்றவனைத் தன் வலப்பக்கம் பார்க்கிறவன்தான் ஒதுங்க வேண்டும். 1972 மோதல் தடுப்பு விதிகளில் 15வது. பரீட்சையில் கட்டாயம் கேட்பார்கள். இரவில் இன்னும் சுலபம்: வலப்பக்கமிருந்து குறுக்கே வருகிறவன் தன் இடப்பக்க விளக்கைக் காட்டுவான், அது சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் நீங்கள் அடங்க வேண்டும். ஆக, நீங்கள் வழிவிட வேண்டிய பக்கத்தில்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பழக்கம் விதியைவிடப் பழசு. வட ஐரோப்பாவில் பின்பக்கம் சுக்கான் வருவதற்கு முன் பெரிய துடுப்பால்தான் திருப்பினார்கள். பெரும்பாலானவர்கள் வலக்கைக்காரர்கள், துடுப்பும் வலப்பக்கம் போனது. படகின் வலப்பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டார்போர்டு என்று பெயர்; திருப்புகிற பக்கம் என்று அர்த்தம், அவ்வளவுதான். துடுப்பு நசுங்காமல் இருக்க இடப்பக்கத்தைக் கரையோடு அணைத்தார்கள். அந்தப் பக்கத்துக்கு முதலில் லார்போர்டு என்று பெயர். காற்றில் கத்தும்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்டால் என்ன ஆகும்? 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதைப் போர்ட் என்று மாற்றியது.

சாங்கி மீன்காரி:
அண்ணன் விசையை விட்டுவிட்டாரே. வழக்கமான ஒற்றை இயந்திரப் படகில், பின்னாலிருந்து பார்த்தால் புரொபெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் எதிர்விசை படகை இடப்பக்கம் சாய்க்கப் பார்க்கும். தனியாகப் போகிறவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் அவர் எடையே அதைச் சமன்செய்துவிடும். கைப்பிடி வைத்த சின்ன இயந்திரத்திலும் நான் வலப்பக்கம் உட்கார்ந்து இடக்கையால்தான் பிடிப்பேன். ஆனால் மீன்பிடிப் படகுகள் பலவற்றில் ஸ்டியரிங் நட்டநடுவில் இருக்கும். தூண்டிலோடு சுற்றி நடக்க வேண்டுமே!

புங்கோல்வாசி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெட்டி? இப்போது நசுங்க அங்கே துடுப்பு இல்லையே. எனக்குத் தெரிகிற பக்கத்தை அணைக்கவிடலாமே?

பழைய டக்போட் ஆள்:
அதே புரொபெல்லர்தான் காரணம். பின்னுக்குப் போட்டால் அது தலைகீழாகச் சுற்றி, படகின் பின்பக்கத்தை இடப்பக்கம் இழுக்கும். இடப்பக்கம் அணைக்கும்போது சின்னக் கோணத்தில் மெதுவாக வாருங்கள், மூக்கு நெருங்கியதும் வலப்பக்கம் திருப்பி ஒரு சொட்டு ரிவர்ஸ். பின்பக்கம் தானாக உள்ளே வந்து ஒட்டும். வலப்பக்கம் அணைத்தால் அதே ரிவர்ஸ் உங்களை ஜெட்டியிலிருந்து தள்ளிவிடும். தெரியாவிட்டால் எழுந்து நின்று பாருங்கள், யார் வேண்டாம் என்றது? போன வாரம் ரிவர்ஸ் போட மறந்திருப்பீர்கள்.

புங்கோல்வாசி:
மறக்கவில்லை அண்ணே. பயந்து முழுசாகப் போட்டுவிட்டேன்.