புது லப்டொப்பின் டிஸ்க்கை சி, டி என்று பிரிக்கப் போய் உங்களுக்கு என்ன நடந்தது?

கல்லடிப் பாலத்தடி:
தங்கச்சிக்கு வந்தாறுமூலை கம்பஸ் கிடைத்ததும் வாங்கிய லப்டொப். பெட்டியில் 512 ஜிபி, உள்ளே காட்டுவது 476, அதுவும் முழுக்க ஒரே சி ட்ரைவ். டி ட்ரைவும் ஒன்று வேண்டும் என்றாள். விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் சியைச் சுருக்க ஷ்ரிங்க் கொடுத்தால் பாதிக்கு மேல் விட்டுத் தரவில்லை. பென் ட்ரைவில் டிஸ்க்கைத் துண்டாக்கும் ஒரு பார்ட்டிஷன் மென்பொருளைப் போட்டேன். அது பூட் ஆகாததால் மெஷினின் அடிப்படை செட்டிங்கான பயோஸுக்குள் போய், நம்பகமானதை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட் என்ற காவலை நிறுத்தினேன். செய்தது அவ்வளவுதான், பார்ட்டிஷனில் கை வைக்கவே இல்லை.

திரும்ப விண்டோஸுக்குள் போகப் பார்த்தால் நீலத் திரை. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரிக்கவரி கீ கேட்கிறது, 48 இலக்கம். நாங்கள் பிட்லாக்கர் போட்டதே இல்லை! மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போனால் புது மெஷின்கள் பல தானாகவே டிஸ்க்கைப் பூட்டி, திறப்பை அந்தக் கணக்கில் வைத்துவிடுமாம். எங்களுடையதில் இருந்த கணக்கு, வாங்கிய கடையில் ஒரு பெடியன் தன் ஈமெயிலால் போட்டுத் தந்தது.

இரவு ஒன்பதரைக்கு ஆளைப் பிடித்தோம். ஆறு ஆறு இலக்கமாக அவன் வாசிக்க, தங்கச்சி கொப்பியின் கடைசித் தாளில் எழுதினாள். ஐந்தாவது தொகுதியில் லைன் கட்டாகிவிட்டது. அவள் பேனையைத் தாளிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தாள். அவன் திரும்பக் கிடைக்க இருபது நிமிடம். விண்டோஸ் திறந்தது, சரி. ஆனால் எங்கள் வீட்டுச் சாமானின் திறப்பு முன்பின் தெரியாத ஒருவனின் கையில் இருந்திருக்கிறது. அது இன்னும் மனதை அரிக்கிறது.

அக்கரைப்பற்று காக்கா:
தம்பி, செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டிருந்தால் பெரும்பாலும் கீ கேட்காமலே திறந்திருக்கும். அதைச் செய்து பார்க்காமல் அவனைத் தேடியிருக்கிறீர்கள்.

நான் செய்தது அதைவிட மோசம். மகனின் புது மெஷினில் விண்டோஸைச் சுத்தமாகத் திரும்ப அடிப்போம் என்று விண்டோஸ் பென் ட்ரைவால் பூட் செய்தேன். டிஸ்க்கில் நான்கு துண்டுகள்: 260 எம்பி ஒன்று, 16 எம்பி ஒன்று, பெரிய துண்டு, கடைசியில் சில ஜிபியில் ஒன்று. சின்னதெல்லாம் தேவையற்றது என்று நினைத்து நான்கையும் டிலீட் அடித்தேன். மெஷினைப் பழையபடி ஆக்க கம்பெனி வைத்த ரிக்கவரி கடைசித் துண்டில்தான் இருந்தது. விண்டோஸ் ஏறியது, லைசன்ஸ் கீ பயோஸிலேயே இருப்பதால் அதுவும் தானாக வந்தது. ஆனால் இணையத்தோடு சேரச் சொல்லும் பக்கத்தில் வைஃபை பெயர் ஒன்றுகூட இல்லை, ட்ரைவர் இல்லை. நெக்ஸ்ட் பட்டனும் அமுங்கவில்லை. மகன் கதவு நிலையில் சாய்ந்து நின்று, "வாப்பா, பழையபடி ஆக்கலாம்தானே?" என்று கேட்டான். எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

கடைசியில் மச்சான் தன் ஃபோனை யூஎஸ்பி வயரால் கொழுவி, ஃபோனின் இணையத்தைக் கொடுக்கும் டெதரிங் போட்டதும் லைன் வந்தது.

படுவான்கரை ஐசிடி:
பாடசாலையில் இதைப் படிப்பிப்பவன் என்பதால் சொல்கிறேன். கல்லடித் தம்பி, டி எதற்கு? ஒரே எஸ்எஸ்டியை இரண்டாக வெட்டினால் டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். விண்டோஸைத் திரும்ப அடிக்கும்போது டி தப்பும், அந்த நன்மை உண்மைதான். அதை பாக்கப் என்று நினைக்காதீர்கள். கட்டாயம் வேண்டுமென்றால் வெளி மென்பொருள் தேவையில்லை. ஷ்ரிங்க் நின்றுபோவது நகராத கோப்புகளால். ஹைபர்னேஷனையும், ரம் போதாதபோது விண்டோஸ் எடுக்கும் பேஜ் ஃபைலையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, திரும்ப ஷ்ரிங்க் கொடுங்கள், அனேகமாக இன்னும் இடம் தரும். பிறகு பேஜ் ஃபைலைப் போட மறக்க வேண்டாம். பயோஸில் எதையும் தொடுமுன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்யுங்கள், கீயைத் தாளில் எழுதுங்கள், அந்தத் தாளை லப்டொப் பையிலேயே வைக்காதீர்கள். வாங்கிய அன்றே 32 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் ரிக்கவரி ட்ரைவ் செய்யுங்கள், அதில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால் வெறும் ட்ரைவாக எடுங்கள். காக்கா, 260 எம்பி துண்டுதான் ஈஎஃப்ஐ, மெஷின் விண்டோஸைத் தொடங்குவதே அதிலிருந்து. இன்ஸ்டோலர் அதைப் புதிதாக உண்டாக்கித் தந்ததால் தப்பினீர்கள்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். இன்ஸ்டோலரில் டிஸ்க்கே தெரியவில்லை, டிஸ்க்கை இணைக்கும் இன்டெல் விஎம்டியின் ட்ரைவர் கொடுத்ததும் தெரிந்தது.

ஆரையம்பதி அக்கா:
சேர், டி எதற்கு என்று கேட்டீர்கள். என் டியில் அம்மாவின் படங்கள் இருந்தன. சுனாமியில் அல்பம் எல்லாம் போய், சொந்தக்காரர் வீடுகளில் தேடிச் சேர்த்து ஸ்கேன் செய்தவை, பதினேழு. பழையதிலிருந்து புது லப்டொப்புக்கு மாற்றிய அடுத்த கிழமை, விண்டோஸ் அடிக்க வந்தவர் டியையும் டிலீட் செய்து, அந்த இடத்தில் புதுத் துண்டு உண்டாக்கிவிட்டு ஃபோர்மட்டில் மவுஸை வைத்திருந்தார். நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். முன்பின் தெரியாத ஆணின் கையை. அமத்தியிருந்தால் எஸ்எஸ்டி அவ்வளவையும் துடைத்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளைப் போட்டு பார்ட்டிஷனைத் திரும்ப எடுத்தோம். பதினேழும் வந்தன. இப்போது மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

கல்லடிப் பாலத்தடி:
அக்கா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். காக்கா, செக்யூர் பூட் யோசனை அப்போது வரவேயில்லை. சேர், கடைக்காரப் பெடியனின் கணக்கை எடுத்துவிட்டுத் தங்கச்சியின் கணக்கைப் போட்டோம். ஆனால் பழைய கீ அவனிடம் இருக்குமே, அதனால் பிட்லாக்கரின் பூட்டை (என்க்ரிப்ஷனை) முழுதாக நிறுத்தித் திரும்பப் போட்டேன். புது 48 இலக்கம் வந்தது. அதே கொப்பியில், பழையதை வெட்டிவிட்டு, அதன் கீழே எழுதினாள். டி இன்னும் பிரிக்கவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.