பாசியும் பழைய சோறும் பி12 தருமா?

மண்டபம்வாசி:
மீன், முட்டை, பால் மூன்றையும் விட்டு 2 ஆண்டுகள் ஆகின்றன. காலையில் பழைய சோறு, மதியம் முருங்கைக்கீரையும் துவரம்பருப்பும், அவ்வப்போது கஞ்சிப்பாசி, தினமும் சிறிது சுருள்பாசித் (ஸ்பைருலினா) தூள். நம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசியிலும் புளித்த சோற்றிலும் எல்லாச் சத்தும் இருக்கையில், பி12 வைட்டமின் மாத்திரை எதற்கு?

தொண்டிச் செவிலி:
ஐயா, கீரையையும் பருப்பையும் நான் மறுக்கவில்லை. ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய பி12 மட்டும் வேறு கதை. அதைச் செடியும் உண்டாக்குவதில்லை, விலங்கும் உண்டாக்குவதில்லை. சிலவகை நுண்ணுயிர்கள்தாம் உண்டாக்குகின்றன. பழைய சோற்றைப் புளிக்கவைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். நாளொன்றுக்குத் தேவைப்படும் சுமார் 2.4 மைக்ரோகிராமுக்கு அவற்றை நம்பியிருக்க முடியாது. சுருள்பாசியில் இருப்பதோ பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி பி12.

உங்களுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால், கல்லீரலில் இருக்கும் பழைய சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதே காரணம். என் அண்ணி அப்படித்தான் நம்பியிருந்தார். ஒருநாள் கடற்கரை மணலில், ஒரு காலில் செருப்பு கழன்றுவிட்டதே தெரியாமல் நாற்பது அடி நடந்துவிட்டார். கீரையிலுள்ள ஃபோலேட் என்னும் சத்து, பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிட, நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருந்தது.

பாம்பன் படகுக்காரர்:
இரண்டு துண்டு சாளைக் கருவாட்டில் முடிகிற காரியம் இது.

மண்டபம்வாசி:
அண்ணே, உயிரைக் கொல்லக் கூடாது என்றுதான் விட்டேன், திரும்ப மாட்டேன். சகோதரி, ஜப்பானியர் உண்ணும் நோரிப் பாசியில் பி12 உண்டு என்கிறார்களே, நம் பாசிக்கு மட்டும் என்ன குறை?

தொண்டிச் செவிலி:
நோரியில் உண்டு என்பது உண்மைதான், ஆனால் அது வேறு இனம். நம் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பெரும்பாலும் அகர் என்னும் கூழ்மப் பொருள் காய்ச்சப் போகின்றன. அவற்றை நோரியாகக் கருதி உடலைப் பணயம் வைக்காதீர்கள். மாத்திரையிலுள்ள பி12 நுண்ணுயிர்களை வளர்த்தே எடுக்கப்படுகிறது, எந்த உயிரையும் கொன்றல்ல. ஆகவே உங்கள் கொள்கைக்கு அது எதிரானது அன்று.

மண்டபம்வாசி:
அது எனக்குத் தெரியாது. ஆனாலும் குறை இருப்பதாக ரத்தப் பரிசோதனை காட்டாதவரை மாத்திரையைத் தொட மாட்டேன்.

தொண்டிச் செவிலி:
சுருள்பாசி சாப்பிடுகிறவருக்குச் சில பரிசோதனைகளில் போலி பி12-உம் கணக்கில் சேர்ந்து, அளவு சரியாக இருப்பதுபோல் காட்டக்கூடும். எனவே, பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருளின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.